மடுகரையில் எகிறிய வைட்டமின்

திங்கட்கிழமை, காலை 10.40.

பிணம் எதுவும் கிடக்கவில்லை. ஆனாலும் மருத்துவக் கல்லூரியின் அந்த அறையில் இழவு வீட்டுக் களை இருந்தது. மேசைமேல் ஒரு தாள். தாளில் நூற்றிருபது எண்கள். அவற்றில் பதினான்கைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, டாக்டர் ராஜ்மோகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

எதிரே நின்றவள் வைஜெயந்தி. வயது முப்பத்தெட்டு, ஒப்பந்த நர்ஸ். மூன்று ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சியும் கொஞ்சியும் அதட்டியும் நூற்றிருபது பேரின் ரத்தத்தைக் குழாயில் வாங்கி வந்தவள். ஊசியைக் கண்டதும் புளியமரத்தில் ஏறிக்கொண்ட ஆளைக்கூடக் கீழே இறக்கிக் குத்தியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். வைட்டமின் டி பரிசோதனைத் தாளில் "இதற்குக் கீழே போனால் குறைவு" என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அது எங்கேயோ பனி கொட்டும் சீமையில் யார் யாருடைய ரத்தத்தையோ பார்த்து வைத்த எண். அதை இங்கே கொண்டுவந்து வைத்தால், நாள் முழுக்கக் கரும்புக் கொல்லையில் வெயில் காய்கிறவனும் நோயாளி ஆகிவிடுகிறான். அடுத்தவன் செருப்பில் நம் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, கால்தான் சரியில்லை என்று சொன்னால் எப்படி? அதனால், நம் பக்கத்தில் மருந்து மாத்திரை எதுவும் தொடாமல் நல்ல திடமாக நடமாடுகிறவர்களைப் பிடித்து, அவர்கள் ரத்தத்தில் இருப்பதையே நமக்கான அளவாக வைப்பது என்று டாக்டர் புறப்பட்டார். மடுகரை, காட்டேரிக்குப்பம், பாகூர். ஊருக்கு நாற்பது பேர்.

காட்டேரிக்குப்பமும் பாகூரும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் ஒழுங்காக வந்துவிட்டன. மடுகரையிலும் இருபத்தாறு பேர் அதே வரிசைதான். மிச்சம் பதினான்கு பேர்? எண்பது. எண்பத்து நான்கு. ஒருவருக்குத் தொண்ணூற்றொன்று!

"மெஷின் கோளாறான்னு அருள்மொழி ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டாங்க. அதே நம்பர்," என்றார் டாக்டர். அருள்மொழி அந்த லேப்பின் டெக்னீஷியன். தப்பு செய்யத் தெரியாத பெண்.

"குழாய் மாறியிருக்குமா சார்?"

"மாறினாலும் எண்பது எங்கேருந்து வரும்? வெயில் எவ்ளோ அடிச்சாலும் இவ்ளோ ஏறாது. மருந்து உள்ள போயிருக்கு. குறைவா இருக்கறவங்களுக்குப் பின்னாடி குடுக்கறதுக்கு வைட்டமின் பவுடர் வந்துதே, அது யார் பொறுப்புல இருந்துது?"

"என் பொறுப்புலதான். அறுபது பாக்கெட். அறுபதும் பீரோல அப்படியே இருக்கு. எண்ணிப் பாருங்க."

"வெளியில வாங்கிக் குடுத்திருக்கலாமே. ரிசல்ட் நல்லா வந்தா நமக்கு நல்ல பேருன்னு நெனச்சிருப்பீங்க."

மூன்று மாதம் வைஜெயந்தி நாயாய் அலைந்ததற்குக் கிடைத்த பட்டம் இதுவா!

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆய்வுக் கமிட்டி," என்றார் டாக்டர். "அதுக்குள்ள காரணம் தெரியலன்னா, மடுகரை ரத்தம் நாப்பதையும் தள்ளிடுவேன். 'நர்ஸ் மருந்து கொடுத்துக் கெடுத்துவிட்டார்'னு எழுதி உங்களையும் அனுப்பிடுவேன். எனக்கும் வேற வழியில்ல."

அப்படி ஒரு வரி ஏறிவிட்டால், அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி அவளை உள்ளே விடும்? பன்னிரண்டு வருஷம் ஊசி பிடித்த கை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். ஆனால் வழியை மறித்து நிற்பவர் டாக்டராக இருந்தால் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டியிருக்கிறது. அவள் பதினான்கு பேரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை, காலை 8.15. மடுகரை.

முதல் வீடு ராமுவுடையது. ராமு கரும்பு வெட்டுகிறவர். மனைவி ஜெயசித்ரா நூறு நாள் வேலைக்குப் போகிறவள். கணவருக்கு இருபத்திரண்டு, மனைவிக்கு எண்பத்து நான்கு.

"இன்னா மாத்திரை சாப்புட்ட?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் வைஜெயந்தி.

"மாத்திரையா? எனக்கு முழுங்கவே வராது நர்ஸம்மா. தொண்டையிலயே நின்னுக்கும்."

"டானிக்கு? பவுடரு?"

"மாரியாத்தா மேல சத்தியமா ஒண்ணும் இல்ல."

ராமு குறுக்கே பாய்ந்தார். "இரு இரு. அவளுக்கு எவ்ளோ, எனக்கு எவ்ளோ?"

சொன்னாள். ராமுவின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒரே பானை சோறு, ஒரே கொழம்பு. காலையில ஆறு மணிக்கு வெயில்ல எறங்கினா சாயங்காலந்தான் ஏற்றன். எனக்கு இருவத்திரண்டு, இவளுக்கு எண்பத்து நாலா? பேர மாத்தி எழுதிட்டியா நர்ஸம்மா? நல்லா பாரு."

"மாத்தல அண்ணே."

"வூட்ல யாருக்குத் தெம்பு அதிகம்னு நான் இருவது வருஷமா சொல்றேன். இப்ப கவருமெண்டே சொல்லிட்டுது," என்றாள் ஜெயசித்ரா. கவர்ன்மெண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஜெயிக்கிறவளை யார் திருத்துவது?

வைஜெயந்தி சீட்டில் இரண்டு கோடு போட்டாள். சோற்றுப் பானையில் இல்லை. வெயிலிலும் இல்லை. புருஷன் வாயில் போகாத ஏதோ ஒன்று பெண்டாட்டி வாயில் மட்டும் போயிருக்கிறது.

காலை 10.05. கடைத்தெரு.

அளவு ஏறினால் யாருக்கு லாபம் என்று யோசித்தாள். ஆரோக்கியமானவர்களின் எண் எகிறினால், இந்தப் பக்கத்துக்கு வைக்கப்போகும் அளவும் எகிறும். அளவு எகிறினால் ஊரில் பாதிப்பேர் 'குறைவு' ஆவார்கள். குறைந்தவன் எங்கே ஓடுவான்? மருந்துக் கடைக்கு. ஊரில் இருக்கும் ஒரே மருந்துக் கடை டேனியலுடையது.

டேனியல் விஷயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"எம்மா, நான் சூழ்ச்சி பண்ணி ஊருக்கே வைட்டமின் குடுத்தேன்னு சொல்றியா? இங்க தலவலி மாத்திரயையே பாதியா உடச்சிக் கேக்கறாங்க. மீதிப் பாதி என் டப்பால கெடக்கு, பாரு!"

பார்த்தாள். நிஜமாகவே கிடந்தது. வைட்டமின் பவுடர் பெட்டியின் மேல் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. அந்தத் தூசியைவிட நல்ல சாட்சி டேனியலுக்கு வேறு வேண்டாம். வைஜெயந்தி அவர் பெயரைச் சீட்டின் ஓரத்தில் எழுதி, உடனே அடித்தாள்.

பகல் 12.20. ஏரி வாய்க்கால்.

நூறு நாள் வேலைக்கூட்டம் தூர் வாரிக்கொண்டிருந்தது. மொத்தம் பதினைந்து பேர். வைஜெயந்தி கரையில் நின்று சீட்டைப் பார்த்தாள், முகங்களைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். எகிறிய பதினான்கு பேரும் இங்கே இருந்தார்கள். ஒருவர்கூடப் பாக்கியில்லை.

பதினைந்தாவது ஆள் எல்லம்மாள். அவளும் ரத்தம் கொடுத்தவள்தான். அவளுக்கு வெறும் இருபத்தொன்று. அதே வாய்க்கால், அதே மண், அதே வெயில்! இவள் மட்டும் ஏன் இப்படி?

அதற்குள் ஒரு குரல்: "வாங்க வாங்க, மோரு வந்துட்டுது!"

வாய்க்காலை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் சம்மந்தம் பெரிய எவர்சில்வர் குண்டானோடு வந்தார். அறுபத்திரண்டு வயது, முறுக்கிவிட்ட மீசை. அறுபதுக்கு மேல் ஆய்வில் சேர்க்க முடியாது என்று வைஜெயந்தியே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்த வருத்தத்தை முகத்தில் காட்டாமல் எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றினார். வழியோடு போன இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ரெண்டு மாசமா தெனமும் ஊத்தறாரு. புண்ணியவான்," என்றாள் ஜெயசித்ரா.

வைஜெயந்திக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஒரு வாய் குடித்தாள். இஞ்சி, பச்சை மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே பெருங்காயம். அப்படி ஒரு பெருங்காயம்! மூக்கு அடைத்திருந்தவனுக்கும் திறந்துவிடும்.

"மோரு கெட்டியா இருக்கே ஐயா. வூட்டு மாட்டுப் பாலா?"

"பின்ன? நம்ம வூட்டு மாடுதாம்மா," என்று மீசையைத் தடவினார் சம்மந்தம்.

எல்லம்மாள் மட்டும் தள்ளி ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். வைஜெயந்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ ஏன்க்கா மோரு குடிக்கல?"

"அந்தாளு கைத்தண்ணி என் பல்லுல படாது. மூணு வருஷத்துக்கு முன்னால எங்க வரப்ப ரெண்டு அடி நவுத்திட்டான். அதுலேந்து பேச்சு வார்த்த கெடையாது. நாக்கு வறண்டு செத்தாலும் சரி, அந்த மோர மட்டும் தொடமாட்டேன்."

வைஜெயந்தி டம்ளரில் மிச்சமிருந்ததைச் சம்மந்தத்துக்குத் தெரியாமல் வாய்க்காலில் கொட்டினாள்.

மாலை 3.40. சம்மந்தம் வீடு.

சம்மந்தம் வயல் பக்கம் போயிருந்தார். வாசலில் அவர் மனைவி கலியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காட்டேரிக்குப்பத்துக்காரி. அந்த ஊரில் ரத்தம் எடுத்த அன்று ஆள் திரட்டிக்கொடுத்த வீரப்பன் அவளுடைய அண்ணன்.

"ஐயா எங்கக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? மரத்தக் கேளு, சுவத்தக் கேளு."

வைஜெயந்தி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் மாட்டுக் கொட்டகை. முளைக்குச்சி இருந்தது. கழுநீர்த் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. மாட்டைத்தான் காணோம்.

"மாடு எங்கக்கா மேயுது?"

"மேயுதா! பங்குனியிலயே வித்தாச்சு. எங்க அம்மா வூட்டுலேந்து ஓட்டியாந்த மாடு," என்றாள் கலியம்மாள். கீரைக் காம்பு படக்கென்று முறிந்தது.

கொட்டகைச் சுவரோரம் ஏழு மிளகாய்ச் செடிகள். தொட்டிக்குப் பதிலாக, மேல்பாதியை அறுத்த நீல நிற பிளாஸ்டிக் கேன்களில் நட்டிருந்தார்கள். கேன்மேல் ஒட்டியிருந்த தாள் வெயிலில் கொஞ்சமும் வெளுக்கவில்லை. வைஜெயந்தி குனிந்து அந்தத் தாளில் இருந்த எழுத்தை நிதானமாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"செடி வச்சி எவ்ளோ நாளாச்சுக்கா?"

"ஒரு மாசம் இருக்கும். கேனு காலியாக் கெடந்துது, நட்டுட்டேன்."

"எனக்கு ஒரு செடி குடேன். கேனோடவே."

வியாழக்கிழமை, பிற்பகல் 3.30. மடுகரை சமுதாயக் கூடம்.

வைஜெயந்தி கூட்டிய கூட்டத்துக்கு டாக்டர் ராஜ்மோகன் வந்துவிட்டார். மைக்கும் வந்துவிட்டது. மைக் இல்லாத இடத்தில் டாக்டருக்குப் பேச்சு வராது. பதினான்கு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் பின்னால் நின்றது. வைஜெயந்தி மேசையில் ஒரு மிளகாய்ச் செடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"சாட்சி சார்."

"எகிறின பதினாலு பேரும் ஒரே எடத்துல வேல செய்யறவங்க. கூட வேல செய்யற எல்லம்மாக்காவுக்கு மட்டும் எகிறல. மத்தவங்க குடிச்சி அவங்க குடிக்காதது ஒண்ணே ஒண்ணு, சம்மந்தம் ஐயா ஊத்தற மோரு."

"மோருல எப்படிம்மா வைட்டமின் டி?"

"மோருல இல்ல. அதுல கலந்ததுல இருக்கு. ஐயா, அது வூட்டு மாட்டுப் பால்னு எங்கிட்ட சொன்னீங்க. உங்க கொட்டகையில மாடே இல்ல. பங்குனியிலயே வித்துட்டீங்க. பாக்கெட் தயிரு வாங்கி மோரு கலக்கறீங்க. அது உங்க இஷ்டம். ஆனா மாடு இல்லாத வூட்ல இந்தக் கேனு எதுக்கு?"

செடியைத் திருப்பி வைத்தாள். நீலக் கேனில் கொழுத்த பசுமாட்டுப் படம். கீழே கொட்டை எழுத்தில்: கறவை மாடுகளுக்கான கால்சியம் டானிக். வைட்டமின் டி3 சேர்த்தது.

"தாளுல அச்சடிச்ச தேதியப் பாருங்க சார். வைகாசி மாசச் சரக்கு. மாடு போயி ரெண்டு மாசம் கழிச்சி வாங்கினது. அங்க இன்னும் ஆறு கேனு இருக்கு. ஏழு கேனு டானிக்க எந்த மாடு குடிச்சிது? வாடை தெரியக் கூடாதுன்னுதான அம்மாம் பெருங்காயம் போட்டீங்க, ஐயா?"

ஜெயசித்ரா அலறினாள்: "ஐயய்யோ, மாட்டு மருந்தா!"

ராமு துள்ளி எழுந்தார். இரண்டு நாளாகப் பட்ட அவமானம் ஒரே நொடியில் போய்விட்டது. "அதான பாத்தேன்! நான் மனுஷ அளவு. அவ மாட்டு அளவு!"

ஜெயசித்ரா கணவர் தொடையில் வைத்த அடி கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இனிமே ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. பதினாலு பேரும் நாளைக்கே வந்து ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கான்னு பாத்துக்கணும். ஏன்யா இப்படிப் பண்ணீங்க? விளையாட்டா?"

சம்மந்தம் எழுந்து நின்றார். தலை குனிந்திருந்தது, ஆனால் மீசை குனியவில்லை.

"வெளையாட்டு இல்ல டாக்டரு, ஊரு மானம். வைகாசியில மொத மீட்டிங்குல இதே மைக்குல நீங்கதான சொன்னீங்க? 'காட்டேரிக்குப்பம் முந்திக்கினு போவுது, மடுகரை விட்டுக் குடுக்கலாமா'ன்னு. அது என் மச்சான் வீரப்பன் ஊரு. கபடியில அவங்க கப்பு, தேருல அவங்க ஒசரம். ரத்தத்துலயுமா? நீங்க ஒட்டின போஸ்டர்ல வைட்டமின் டின்னு இருந்துது, எங்கொட்டகையில கெடந்த பழைய கேனுலயும் அதே இருந்துது. மாடே தேறுதுன்னா மனுஷன் தேறமாட்டானான்னு பாத்தேன்."

"நான் சொன்னது பேர் கொடுக்கறதப் பத்திய்யா! எந்த ஊர்ல நிறையப் பேர் முன்வந்தாங்கன்னு! ரத்தத்துல ஏதுய்யா போட்டி? உள்ளது உள்ளபடி எவ்ளோ இருக்குன்னு பாக்கத்தான வந்தோம்!"

"அத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் சம்மந்தம். நியாயமான கேள்வி. சம்மந்தம் குரலைத் தாழ்த்தி வைஜெயந்தியைக் கேட்டார்: "போவட்டும்மா. நம்ம ஊர்ல அதிகமா எவ்ளோ வந்துது?"

"தொண்ணூத்தொண்ணு."

"காட்டேரிக்குப்பத்துல?"

"முப்பத்தஞ்சு."

சம்மந்தத்தின் தலை மெல்ல நிமிர்ந்தது. தண்டனை எதுவானாலும் இனி அவருக்குக் கவலை இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

வைஜெயந்தி டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஊத்தினவரு இவரு சார். தூண்டினது உங்க பேச்சு. நடுவுல கெட்ட பேரு வாங்கினது நானு. ரூமுக்குள்ள சாரி சொன்னா பத்தாது. ஊருல பாதிப் பேருக்கு நர்ஸு மருந்து குடுத்தாளான்னு சந்தேகம் வந்துட்டுது. இதே மைக்குல சொல்லுங்க."

மைக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

டாக்டர் நல்ல மனிதர்தான். அவசரக்காரர், அவ்வளவுதான். மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, "வைஜெயந்தி நர்ஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது. விசாரிக்காம பழி போட்டேன். ஊரு முன்னால மன்னிப்புக் கேட்டுக்கறேன். இந்த ஆய்வு முடியற வரைக்கும் அவங்கதான் நர்ஸ்," என்றார். வாழ்க்கையில் அவர் மைக்கில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது. கைதட்டல்தான் பெரிதாக இருந்தது.

ஆனால் வேலை முடிந்தபாடில்லை. பதினான்கு பேரை நீக்கினால் நூற்றாறுதான் மிச்சம். நாளைக்குக் கமிட்டி. நூற்றிருபது இல்லாவிட்டால் அளவு நிற்காது. அளவு நிற்காவிட்டால் சீமை எண்தான் மறுபடி நம் தலையில்.

"அந்த மோரைக் குடிக்காத பதினாலு பேர் எனக்கு வேணும்," என்றார் டாக்டர் மைக்கில். "இதுவரைக்கும் ரத்தம் குடுக்காதவங்களா இருக்கணும். மோரு குடிக்காதவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. வாய்க்கால் கரை வழியாகப் போகாதவர் ஊரில் யார்? சம்மந்தம் கூப்பிட்டு ஊற்றாதவர்தான் யார்? "நான் ஒரு தடவ குடிச்சேன்." "எனக்கு ரெண்டு டம்ளரு." குடிக்காத ஓரிருவரும், அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கூரையைப் பார்த்தார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழுவிய பேர் காய்வதற்குள் வேலையே கவிழ்ந்துவிடுமா?

ஒரு கணம்தான். வைஜெயந்தி டாக்டர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"சம்மந்தம் ஐயாவோட பேச்சு வார்த்த இல்லாதவங்க மட்டும் கை தூக்குங்க!"

படபடவென்று கைகள் எழுந்தன. வரப்புச் சண்டைக்காரர்கள், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்காரர்கள், கல்யாணப் பந்தியில் மரியாதை தரவில்லை என்று முறுக்கிக்கொண்டவர்கள். ஒரு கையிலும் தயக்கம் இல்லை. வேண்டியது பதினான்கு. வைஜெயந்தி எண்ணிப் பார்த்தாள், இருபத்து மூன்று இருந்தது. அந்த இருபத்து மூன்றில் எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும்விட உயரத் தூக்கியிருந்த கை கலியம்மாளுடையது.